இடது இறக்கையின் இரண்டு ஒயர்கள்

அக்கா: ஆட்டாதடா, எழுத்து கோணிக்குது.

தம்பி: நான் எங்க ஆட்டறேன்? ஒயரை நீதான் இழுக்கறே.

அக்கா: சரி, பிடி. வலது ரெண்டும் ஆச்சு. ‘இடது வெளி’... எழுதியாச்சு. அடுத்தது?

தம்பி: ‘இடது உள்’. இன்னும் கொஞ்சம் பொடியா எழுதுக்கா. எப்பவும் எழுதற மாதிரியே இருக்கட்டும்.

அக்கா: எப்பவும்னா சாப்பிட்டுட்டு, அவர்கிட்ட வம்பளந்துகிட்டே எழுதுவேன். இன்னிக்கு அப்படி வருமா?

தம்பி: வரணும். அத்தானோட ஆறு ரிமோட் பிளேன்லயும் நீ ஒட்டின லேபிள்தான். கிளப்புல எல்லாருக்கும் உன் கையெழுத்து தெரியும். அது உடைஞ்சு கிடக்கற இந்த ஏழாவதுலயும் இருந்தா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க.

அக்கா: புதுசா பளபளன்னு நிக்குதே.

தம்பி: அதுக்கு வழி இருக்கு. எஞ்சின் எண்ணெயைத் தொட்டுக் கட்டைவிரலால ரெண்டு தேய் தேய்ச்சா, நாலு மாசத்துப் பழசு ஆயிடும்.

அக்கா: நல்லா முன்னேறிட்டே. சின்ன வயசுல அலமாரிக் கண்ணாடியை உடைச்சுட்டு, காத்து மேல பழி போட்டவன்தானே நீ.

தம்பி: நீ நம்பினியே.

அக்கா: நம்பற மாதிரி நடிச்சேன். அப்பா அடிப்பாரேன்னு.

தம்பி: மணி என்னாச்சு?

அக்கா: ரெண்டே முக்கால். நாலு மணிக்குத்தானே கிளப்புலேருந்து விசாரிக்க வர்றாங்க. செயலாளர் என்னென்ன கேப்பார்னு ஒரு தடவை சொல்லிப் பாத்துடுவோம். நான்தான் அவருன்னு வச்சுக்கோ. இந்த இறக்கையைக் கட்டினது யாரு?

தம்பி: நான்தான் சார்.

அக்கா: ஒயருக்கு லேபிள் இல்லாம பிளேனை ஓடுதளத்துக்கே கொண்டு வரக்கூடாதுங்கறது கிளப் விதி. தெரியுமா, தெரியாதா?

தம்பி: தெரியும் சார். ஒட்டியிருந்தோம். அக்கா ஒட்டினது.

அக்கா: ஒட்டியிருந்தா எப்படி மாறிப்போச்சு?

தம்பி: இறக்கையை மாட்டி ஒயரைச் செருகறது எப்பவும் அத்தான் வேலைதான். அன்னிக்கும் வேனுக்குள்ள உக்காந்து அவர்தான் செருகினார். இடது இறக்கையில பிளேனைத் திருப்பற வெளி மடலோட ஒயரை, இறக்கறதுக்கான உள் மடலுக்கு உண்டான இடத்துல... இதை அதுல... லேபிளைப் பாக்காம...

அக்கா: பாக்காம.

தம்பி: நீயே சொல்லிக் காட்டினா எப்படிக்கா?

அக்கா: நான் எங்க சொன்னேன்? நீ சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னேன். என் புருஷன் செத்துப் பதினோரு நாள். அவர் செருப்பு இன்னும் வாசல்லதான் கிடக்கு. அதுக்குள்ள அவரை அவசரக்குடுக்கை ஆக்கியாச்சு.

தம்பி: எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு? லேபிள் இல்லன்னு தெரிஞ்சா, கட்டினவன் தப்புன்னு எழுதிப் போலீஸ்ல குடுப்பாங்க. நான் உள்ள போனா என் ரெண்டு பொண்ணுங்களும் எங்க போகும்? அத்தான்... அத்தானை இனிமே யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுக்கா.

அக்கா: பேரைக் கெடுக்கலாமே.

தம்பி: அந்த எண்ணெயை இப்படிக் குடு, நான் தேய்க்கறேன்.

அக்கா: எத்தனை தடவை உன்கிட்ட சொன்னேன், ஒட்டிட்டு எடுத்துட்டுப் போடான்னு? கிளப்போட பறக்கவிடற காட்சி முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னே.

தம்பி: சொன்னேன். அதுக்கு இப்ப என்ன பண்ண?

அக்கா: ஒண்ணும் பண்ண வேண்டாம். அடுத்த கேள்வி. பறக்க விடறதுக்கு முன்னாடி மடலை எல்லாம் ஆட்டிப் பாத்தீங்களா?

தம்பி: பாத்தேன் சார். எல்லாம்... சரியாத்தான்...

அக்கா: ஏன்டா முழுங்கறே?

தம்பி: தண்ணி இருக்கா?

அக்கா: இந்தா. குடிச்சுட்டுச் சொல்லு.

தம்பி: வலது பக்கம் வெளி மடல் ஆடிச்சு.

அக்கா: சரி.

தம்பி: இடது பக்கம் வெளி மடல் அசையல. உள்ளதுதான் ஆடிச்சு.

அக்கா: இது கிளப்காரங்க எடுத்த வீடியோவுல பாத்ததா?

தம்பி: வீடியோவுல கடைசி அரை நிமிஷம்தான் இருக்கு. அவங்க அதை வச்சுத்தான் ஒயர் மாறிப்போச்சுன்னு கண்டுபிடிச்சாங்க. நான் சொல்றது அதுக்கு முன்னாடி... தரையில நிக்கறப்போ.

அக்கா: கண்ணால பாத்தியா?

தம்பி: பாத்தேன். எஞ்சின் ஓடிக்கிட்டிருக்கு, கூட்டம் கை தட்டுது, மைக்ல என் பேரைச் சொல்லிட்டாங்க. இறக்கையைக் கழட்டி மாட்டக் கால் மணி நேரமாகும். அரைகுறையாத் திரும்பினாப் போதும், ஒரே சுத்து, இறக்கிடலாம்னு...

அக்கா: இறக்கறப்போ தானேடா உள் மடல் ரெண்டும் கீழ வரணும்.

தம்பி: அந்த நேரத்துல அது தோணலக்கா. சுவிட்சைத் தட்டினேன். வலது பக்கம் உள் மடல் வந்துச்சு, இடது பக்கம் வெளி மடல் வந்துச்சு. அப்படியே புரண்டு, நேரா அத்தான் மேல... அவர் எனக்குப் பத்தடி தள்ளித்தான் நின்னார். என் கையைத்தான் பாத்துக்கிட்டிருந்தார். பிளேனைப் பாக்கல.

அக்கா: போதும்.

தம்பி: ரெண்டு அறை விடு. நான் நிக்கறேன்.

அக்கா: அடிக்கக் கை வரலடா.

தம்பி: நான் பாத்தது உனக்கு மட்டும்தான் தெரியும். நீ லேபிள் இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். மிச்சத்தை எல்லாம் அத்தான் மேல...

அக்கா: உரி.

தம்பி: என்னது?

அக்கா: ஒட்டினது நாலையும் உரிச்சுப் போடு. அவர் மேல எதையும் போடறதுக்கில்ல.

தம்பி: அக்கா, அவர் செருகினது அவர் தப்புதானே? லேபிள் இல்லாட்டியும் எது எதுன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

அக்கா: அவர் கை நாலு மாசமா நடுங்குதுடா. சட்டைப் பொத்தானைக்கூட நான்தான் போட்டுவிட்டேன். வெளிய தெரிஞ்சா ரிமோட்டைத் தொட விடமாட்டாங்க, தம்பிகிட்டகூட மூச்சு விடாதேன்னார். காட்சியில நீயே ஓட்டுன்னு உன் கையில குடுத்தாரே, அது பெருந்தன்மை இல்ல. வேனுக்குள்ள அவர் சும்மா உக்காந்திருந்தார். நாலும் கருப்பா இருக்கு, எது எதுன்னு அவனைக் கேட்டுட்டு வரேன்னு எழுந்தேன். கேட்டா என் கை நடுங்கறது அவனுக்குப் புரிஞ்சுடும், நீயே பாத்து மாட்டுன்னு கையைப் பிடிச்சு உக்கார வச்சார். நான்தான்டா செருகினேன்.