மரக்கானா நடைபாதையில் வேலி சாய்ந்தது குறித்து

என் பெயர் எர்மீனியா நொகேய்ரா. வயது எழுபத்தாறு. காலமான அத்தாலிபா நொகேய்ராவின் மனைவி. ரியோ டி ஜெனிரோ நகரில் மரக்கானா விளையாட்டரங்கத்துக்குப் பின்தெருவில், மூன்றாம் மாடியில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். இதற்கு முன் எந்தக் காவல் நிலையத்துக்கும் வந்ததில்லை.

எங்கள் பகுதியில் வயதானவர்கள் சாலையைக் கடக்காமல் நடக்க, அரங்கத்தைச் சுற்றியுள்ள அகன்ற நடைபாதையை விட்டால் வேறு இடம் கிடையாது. உள்ளே ஆட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடிந்ததும் அது எங்களுடையது. ஓடுகிறவர்கள், சைக்கிள் பழகும் பிள்ளைகள், கம்பியில் தொங்கி முதுகை நிமிர்த்துகிறவர்கள் எல்லாரும் வருவார்கள். பெரும்பாலோர் இடமாகச் சுற்றுவார்கள். நானும் என் கணவரும் வலமாகச் சுற்றினோம். அவர் காலமான பின்பும் நான் திசையை மாற்றவில்லை.

வல்தொமீரோ என்பவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், மனைவியை இழந்தவர், இடமாக நடப்பவர், கால்பந்தில் வாஸ்கோ அணிக்காரர்; நான் ஃப்ளுமினென்ஸ் அணி. எதிரெதிரே நடப்பதால் ஒரு சுற்றில் இருமுறை சந்திப்போம்: முன்வாசல் சிலையருகே ஒருமுறை, பின்புறம் ரயில் பாதைக்கு மேலுள்ள பாலத்தருகே ஒருமுறை. நிற்பதில்லை. நின்றால் முழங்கால் பிடித்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. நின்றால் பார்க்கிறவர்கள் பேசுவார்கள் என்பது என் கட்சி. ஆகவே என்னை மரியாதையாகத் "தோனா" என்றே அழைக்கும் அவர் சிலையருகே, "உங்க ஃப்ளுமினென்ஸ் பசங்க நேத்து பந்தைப் பாத்தாங்களா இல்லையா, தோனா?" என்பார். நான் அரைச் சுற்று கழித்து, "பாத்தாங்க. உங்க வாஸ்கோக்காரங்க மாதிரி வலைக்குள்ள இருந்து பொறுக்கத்தான் இல்ல" என்பேன். பதிலை யோசித்து, திருத்தி, சரியாகச் சொல்ல அவகாசம் இருக்கும்.

இன்று காலை சிலையருகே அவர் நடையைத் தளர்த்தி, "பையன் குரிதிபா ஊருக்கே கூட்டிட்டுப் போறான் தோனா, இனிமே அங்கதானாம். நீச்சல்குளத்துக்கிட்ட வண்டியோட நிக்கிறான். கடைசியா ஒரு சுத்து என்கூட சேந்து நடப்பீங்களா? நான் வேணா உங்க பக்கமா திரும்பிக்கிறேன்" என்றார். நான் வழக்கப்படி பதிலைப் பாலத்தருகே சொல்லிக்கொள்ளலாம் என்று நடந்தேன்.

அதன் பிறகு பாலத்தை நெருங்கியபோது, ஏதோ இசை நிகழ்ச்சிக்காக நடைபாதைக்குக் குறுக்கே கம்பிவலை வேலி நிறுத்தியிருந்ததைக் கண்டேன். வல்தொமீரோ வேலிக்கு அந்தப் பக்கம், எனக்கு முதுகு காட்டி, நான் நடக்கும் திசையிலேயே போய்க்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் வந்த எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகக் காவலாளி ஜோசிமார் அவரிடம் சொல்லியிருக்கிறார் என்பதைப் பின்னர் அறிந்தேன். என்னை யாரும் அனுப்பவில்லை. நான் திரும்பி முன்வாசல் வழியாகச் சுற்றி வருவதற்குள் அவர் நீச்சல்குளத்தை அடைந்துவிடுவார். அது அவர் பக்கத்தில் உள்ளது. தெருவில் ஓர் ஆண்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூவும் வழக்கம் எனக்கு இல்லை. ஆகவே வேலிச் சட்டங்களை இணைத்திருந்த கொக்கியைக் கழற்றினேன்.

அதன் பிறகு ஜோசிமார் ஓடிவந்து, "கைய எடுங்க தோனா, சுத்திப் போங்க" என்றார். "சுத்தத்தானப்பா வழி கேக்குறேன்" என்றேன். ஒருவருக்காகத் திறந்தால் தன் வேலை போய்விடும் என்றார். அது நியாயம் என்பதால் அவரை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, நானே சட்டத்தைத் தள்ளினேன். அது சாய்ந்து, அடுத்தடுத்த சட்டங்களும் வரிசையாகச் சாய்ந்தன. யாருக்கும் காயமில்லை. ஒலிபெருக்கி ஒன்று உடைந்ததாகப் புகாரில் உள்ளது, உடைந்தது உண்மை. சத்தம் கேட்டு அவர் திரும்பிப் பார்ப்பார் என்று நின்றேன். அந்நேரம் பாலத்தடியில் ரயில் போய்க்கொண்டிருந்தது. அதன் பிறகு ஜோசிமார் என்னை நிழலில் உட்காரவைத்து, தன் தண்ணீரைத் தந்து, போலீஸுக்குத் தகவல் சொன்னார். அவர் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை.

சாட்சியாக அழைக்க வல்தொமீரோவின் குடும்பப் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதிகாரி கேட்டார். எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் அவற்றைக் கேட்பது முறையாகத் தோன்றவில்லை.

நான் "மனக்குழப்பத்தில்" வேலியைத் தள்ளியதாக அதிகாரி எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னேன். நிதானமாகவே தள்ளினேன். பாலத்தருகே நான் சொல்ல இருந்த பதில், "திரும்ப வேணாம், நானே உங்க பக்கம் வர்றேன்" என்பது. அது எங்காவது பதிவாக வேண்டும் என்பதால் இங்கே சொல்கிறேன்.

மேற்கண்டவற்றை நானே வாசித்து, பிழைகளைத் திருத்தி, யாவும் நடந்தபடியே உள்ளன எனக் கண்டு, எவருடைய நிர்ப்பந்தமும் இன்றிக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) எர்மீனியா நொகேய்ரா