ஆள் குறையாத கப்பல்

— கதவைச் சாத்திட்டு வாங்களேன்.

— இருக்கட்டும். காத்து வரட்டும்.

— இந்த வெயில்ல என்ன காத்து? மாடிப்படி முழுக்கப் புழுதிதான் ஏறும்.

— ஏறட்டும். ஆறு நாள் கழிச்சு வீட்டுக்கு வர்ற புருஷன்கிட்ட முதல்ல கதவைப் பத்திதான் பேசுவியா?

— சரி, உக்காருங்க. ஆளே பாதியாப் போயிட்டீங்க. துறைமுகத்துப் பைலட் நிலையத்துல சாப்பாடே போடலையா?

— போட்டாங்க. தொண்டையில இறங்கல. துறைமுக வாசல்ல அவ்வளவு பெரிய வெளிநாட்டுச் சாம்பல் போர்க்கப்பல் வந்து நின்னா எவனுக்கு இறங்கும்? வர்ற கப்பலையெல்லாம் அதோட மூக்குக்குக் கீழ ஒதுக்கி ஒதுக்கிக் கூட்டிட்டு வரணும்... ஏம்மா, ரேடியோ ஏன் இப்படிக் கத்துது?

— தனியா இருக்கேன்ல. துணைக்கு.

— அதுக்காக ஊருக்கே கேக்கணுமா? குறை கொஞ்சம்.

— இருக்கட்டும்ங்க.

— எனக்குக் கதவு இருக்கட்டும், உனக்கு ரேடியோ இருக்கட்டும். நல்ல குடும்பம்.

— டீ போடறேன். போன காரியம் என்னாச்சு? நம்ம கப்பல் கம்பீரமா அவங்களைச் சுத்தி வந்துச்சுன்னு மத்தியானத்துலேர்ந்து ரேடியோவுல அதையே சொல்லிக்கிட்டிருக்கான்.

— அப்படிச் சொல்றதுக்குத்தானே அனுப்பினாங்க. அவங்க எட்டு நாளா நம்ம வாசல்ல சும்மா நிக்கிறாங்க. நட்புப் பயணமாம். பீரங்கி உறையைக் கழட்டி வெச்சுட்டு நட்பு. இந்தத் தண்ணி யாரோடதுன்னு வாயால சொல்ல வேணாம், வந்து நின்னாலே போதும். அதுக்கு நாமளும் ஏதாவது காட்டணும்ல? பக்கத்து நாட்டுக்காரங்க எல்லாம் பாத்துக்கிட்டிருக்காங்க.

— அதுக்கு ஒரு சுத்து.

— ஒரே ஒரு சுத்து. வழி காட்ட நானும் நம்ம கப்பல்ல இருந்தேன். கடற்படைப் பசங்க எல்லாம் வெள்ளை உடுப்புல கப்பல் தளத்தோட ஓரம் முழுக்க வரிசையா நிக்கணும். ஒரு இடம் காலியா இருக்கக் கூடாதுன்னு மேலேர்ந்து உத்தரவு.

— இருந்தா என்னவாம்?

— அவங்க தூரக்கண்ணாடி வெச்சு எண்ணுவாங்க. ஆள் குறைஞ்சா நாம பயந்துட்டோம்னு அர்த்தம்.

— குறைஞ்சுதா?

— என்னது?

— ஆளு... குறைஞ்சுதான்னு கேட்டேன்.

— இல்லையே. நானே எண்ணினேன். இருநூத்திப் பன்னெண்டு.

— சரியா எண்ணினீங்களா?

— முப்பது வருஷமா மிதவை எண்ணிக் கப்பல் ஓட்டுறவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?

— நம்ம பையன்?

— இருந்தான்.

— எங்க?

— மேல் தளத்துல. இடது பக்கம், மூணாவது ஆள்.

— நல்லாப் பாத்தீங்களா? அதே உடுப்பு, அதே தொப்பி... வேற யாராவது...

— பெத்த பிள்ளையை எனக்குத் தெரியாதா? இந்த மேஜைக்கும் அந்த அடுப்புக்கும் எவ்வளவு தூரம், அவ்வளவுதான் எனக்கும் அவனுக்கும். டீ பொங்குது பாரு.

— பாத்துட்டுதான் இருக்கேன்.

— எங்க பாக்குற? அடுப்பு நனையுது... இங்க வா, உக்காரு. உன்கிட்ட ஒரு விஷயம் பக்குவமா சொல்லணும்னுதான் நினைச்சுக்கிட்டே வந்தேன். பயந்துடக் கூடாது. அவன் கொஞ்சம் மாறியிருக்கான்.

— எப்படி மாறியிருக்கான்?

— கூப்பிட்டேன். நீ கூப்பிடுற செல்லப் பேரைச் சொல்லியே கூப்பிட்டேன். கண்ணு கூட அசையல.

— டியூட்டில இருந்தான்ல.

— அப்படித்தான் நானும் சமாதானம் பண்ணிக்கிட்டேன். அஞ்சு மணி நேரம் வெயில்ல நின்னாங்க. ஒருத்தன் கழுத்துல வேர்வை இல்ல. ஒருத்தன் கால் மாத்தி நிக்கல. எனக்கு உள்ளங்காலெல்லாம் சுட்டுச்சு.

— பயிற்சி குடுத்திருப்பாங்க.

— அப்புறம் அவங்க கப்பல்கிட்ட போனோம். கூப்பிடு தூரம். அவங்க ஆளுங்களும் அதே மாதிரி வரிசையா நின்னாங்க. பின்பக்கம் கொடிகிட்ட ஒருத்தன் இருக்கான், தொப்பி கொஞ்சம் சாஞ்சிருக்கும். நிலையத்து ஜன்னல்லேர்ந்து ஆறு நாளா அவனைப் பாக்குறேன். காத்து, மழை எதுக்கும் நகரல. அதே ஆள், அதே சாய்வு. மாத்து ஆளே வரல.

— போதுங்க.

— ரெண்டு கப்பலும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டே கடந்து போகுது. ஒரு இருமல் சத்தம் இல்ல. கேப்டன்கிட்ட கேட்டேன், 'என்ன சார், கொஞ்சப் பேர் வேலைக்கு வரலைன்னு பேசிக்கிட்டாங்க, தளம் நிறைஞ்சிருக்கே'ன்னு.

— என்ன சொன்னார்?

— 'வழியை மட்டும் நீங்க பாருங்க பைலட். ஆள் எண்ணிக்கை எங்ககிட்ட எப்பவும் சரியா இருக்கும்'னார்... மேல என்ன சத்தம்?

— எலி.

— எலி நாற்காலியை இழுக்குமா?

— ஜன்னல் அடிச்சிருக்கும்... ஏங்க, அவன் கையில கட்டு இருந்துச்சா?

— எந்தக் கையில?

— வலது கை. உள்ளங்கையில.

— இல்லையே. சல்யூட் அடிச்சப்போ பாத்தேன், சுத்தமா இருந்துச்சு. ஏன், அடிபட்டிருச்சா? போனையெல்லாம் பிடுங்கி வெச்சிருக்காங்களே, உனக்கு யார் சொன்னா?

— யாரும் சொல்லல.

— அப்புறம்? ஏம்மா, என் மூஞ்சியைப் பாரு.

— நீங்க கோபப்படக் கூடாது. உங்ககிட்ட சொல்லியிருக்கணும். நீங்க சட்டம் பேசுவீங்க, கையோட கூட்டிட்டுப் போய் ஒப்படைச்சிடுவீங்கன்னு பயம்.

— யாரை?

— கயித்தைப் பிடிச்சு இறங்கினதுல தோலெல்லாம் உரிஞ்சு போச்சு. நான்தான் கட்டுப் போட்டேன். ஆறு நாளா நான்தான் மாத்தி விடறேன்.

— கப்பல்லேர்ந்தா இறங்கினான்?

— நாப்பது பேர் ஓடிட்டாங்களாம். 'சுட்டா திருப்பிச் சுடக்கூட உத்தரவு இல்லம்மா, பொம்மை மாதிரி நிக்க வெக்கத்தான் கூட்டிட்டுப் போறாங்க'ன்னு என் மடியில விழுந்து அழுதான். பெத்தவ என்னங்க பண்ணுவேன்? மாடி ரூம்ல வெச்சுப் பூட்டினேன்.

— தேடி வரலையா?

— வரல. அதுதான் எனக்குப் பயமே. ஒருத்தரும் வரல. நாலாம் நாள் தாங்க முடியாம கடற்படை ஆபீசுக்கே போனேன், துணிமணி குடுக்க வந்த மாதிரி. கவுன்டர்ல இருந்த பொண்ணு பதிவேட்டைப் புரட்டிப் பாத்துட்டு, 'உங்க பையன் கப்பல்ல நல்லா இருக்காரும்மா'ன்னா. சிரிச்ச முகமா பையை வாங்கி வெச்சுக்கிட்டா.

— பையில என்ன வெச்ச?

— பழைய நீலச் சட்டை. கையில கிடைச்சது அதுதான்.

— மூணாவது பட்டன் மட்டும் வெள்ளை.

— ஆமா, நான்தான் தைச்சேன். அதை நீங்க எப்ப பாத்தீங்க?

— அவன்... இப்ப மேல இருக்கானா?

— நாற்காலிச் சத்தம் கேட்டீங்களே. என்னங்க, வாசலையே பாக்குறீங்க? திட்டணும்னா திட்டுங்க, வாங்கிக்கறேன்.

— நான் இந்த வேலையில சேந்ததுலேர்ந்து யார்கிட்டயும் ஒரு சலுகை கேட்டதில்ல. உனக்கே தெரியும்.

— அதுக்கு இப்ப என்ன?

— இன்னைக்குக் கேட்டேன். கேப்டன்கிட்ட. அவனை அப்படிப் பாத்துட்டு மனசு கேக்கல. ஒரு நாள் லீவு குடுங்க, அவன் அம்மா கையால சாப்பிட்டா சரியாயிடுவான்னு கேட்டேன். யோசிக்கக்கூட இல்ல, உடனே தலையாட்டினார். 'மத்தவங்களும் சாயங்காலம் அவங்கவங்க வீட்டுக்குத்தான் போறாங்க'ன்னார்.

— நீங்க என்ன சொல்றீங்க...

— என் படகுலதான் வந்தான். உடுப்பை மாத்திக்கிட்டு, நீலச் சட்டை போட்டுக்கிட்டு. வழி பூரா ஒரு வார்த்தை பேசல. உனக்குப் பக்குவமா சொல்லலாம்னு நான் முன்னாடி வந்தேன். அவன் வாசல்ல உக்காந்து ஷூவைக் கழட்டிக்கிட்டிருந்தான்.

— அதான் கதவை... ஐயோ, அவன் ரூம் பூட்டை நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதாங்க திறந்து விட்டேன். போய்ப் பாருங்க. சீக்கிரம் போங்க.

— அந்த ரேடியோவை நிறுத்து.

— நிறுத்திட்டேன். வாசல்ல இருக்கானா?

— ஷூ மட்டும்தான் இருக்கு. மாடிப்படியில ஈரக் காலடி.