ஆர்லோ வீட்டு கேட்டருகே கிடந்த நீலத் தார்ப்பாய்

பெயர்: டோர்தியா ஸ்கோக்லண்ட். வயது: 57. கணவர் பெயர்: காலஞ்சென்ற ஐனார் ஸ்கோக்லண்ட். முகவரி: மேல் சாலை, லார்ச் ஓடைப் பள்ளத்தாக்கு, மொன்டானா. தொழில்: செத்த மாடு அள்ளும் வண்டி ஓட்டுவது.

நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்து வருகிறேன். எங்கள் பள்ளத்தாக்கு மாட்டுப் பண்ணைக்காரர் சங்கத்துக்காக ஒன்பது வருடமாக மேற்படி வண்டியை ஓட்டி வருகிறேன். தொழில் என்ற இடத்தில் "ஓட்டுநர்" என்று போட்டால் கௌரவமாக இருக்கும் என்று இந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்யும் துணை ஷெரிப் லாயிட் சொன்னார். நான் அள்ளுவது செத்த மாடு, ஆகவே அதையே எழுதும்படி கேட்டுக்கொண்டேன். ஊரில் எனக்குப் பிணவண்டி என்று பெயர். அதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை.

பண்ணையில் சாகும் மாட்டையும் கன்றையும் கிடந்த இடத்தில் விட்டால் கிரிஸ்லி கரடி மோப்பம் பிடித்து வரும். இரண்டு தடவை தின்ற கரடி வீட்டுப் பக்கம் வரப் பழகிவிடும். பழகிய கரடியைக் கூண்டு வைத்துப் பிடித்துக் கொன்றுவிடுவார்கள். எங்கள் மலைத்தொடரில் இப்போது மிஞ்சியிருப்பவை நாற்பது இருந்தால் அதிகம், அதுவும் வருடத்துக்கு வருடம் குறைந்து வருகிறது. அதனால்தான் பிணங்களை நான் அள்ளிக்கொண்டு போய், மின்வேலி போட்ட உரக்களத்தில் மரச்சில்லுக்குள் புதைத்து எருவாக்குகிறேன்.

எங்கள் பக்கத்தில் மாடு செத்தது என்று யாரும் எனக்குப் போன் செய்து சொல்ல மாட்டார்கள். மாட்டைப் பறிகொடுத்தவருக்கு அது ஒரு வெட்கம். கேட்டுக்கு வெளியே பிணத்தைக் கிடத்தித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு உள்ளே போய்விடுவார். நான் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கக் கூடாது, எப்படிச் செத்தது என்று கேட்கவும் கூடாது. மூடியபடியே சங்கிலி கட்டி வண்டியில் ஏற்றி, களத்தில் கொட்டி, தார்ப்பாயை அலசி மடித்து, திரும்பவும் கேட்டருகே போட்டு, அதன்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவேன். இது எங்கும் எழுதாத வழக்கம், ஆனால் இதுவரை ஒருவரும் மீறியதில்லை.

புகார் கொடுத்த ஆர்லோ பிரெக் என் பக்கத்துப் பண்ணைக்காரர். பள்ளத்தாக்கில் என் வண்டிக்கு எதுவும் போடாத ஒரே ஆள் அவர். செத்ததையெல்லாம் தன் தொழுவத்துக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் வீசிவிடுவார். நான் கேட்கும்போதெல்லாம், "எங்கப்பா காலத்துலேருந்து அங்கதான் போடுறோம். செத்த மாட்டுக்கு ஊர்வலம் வேற நடத்தணுமா, பிணவண்டி?" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

சென்ற மாதம் ஒரு தாய்க் கரடி இரண்டு குட்டிகளோடு அந்தப் பள்ளத்துக்கு வந்து தின்றுவிட்டுப் போனது. சில நாள் கழித்து மறுபடியும் வந்தது. அதன் பிறகு வனவிலங்கு அலுவலகத்திலிருந்து பெக்கா என்ற பெண் வந்து, இன்னொரு தடவை இங்கே தின்றால் கூண்டு வைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று எங்கள் இருவரிடமும் சொன்னாள். மலையின் இந்தப் பக்கத்தில் பல வருடங்களுக்குப் பிறகு குட்டிகளோடு தென்பட்ட ஒரே தாய் அது. தாய் போனால் குட்டிகளும் பிழைக்காது.

சென்ற வெள்ளிக்கிழமை காலை நான் மேல் சாலை வழியாக வண்டியில் வந்தபோது ஆர்லோவின் கேட்டருகே நீலத் தார்ப்பாய் மூடி ஏதோ கிடந்தது. நான் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருடம் கேட்டுக் கேட்டு அலுத்த பிறகு கிடைத்தது என்பதால் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவசரத்தில் சங்கிலிக் கொக்கி இரண்டு தடவை நழுவியது. தார்ப்பாய்க்கு அடியில் கோணியும் சுற்றியிருந்தது. முதல் தடவை அல்லவா, கூச்சத்தில் இரட்டையாக மூடியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு களம் வரை பாடிக்கொண்டே போனேன். எனக்குப் பாட வராது என்பதைப் பதிவு செய்ய வேண்டியதில்லை என்று துணை ஷெரிப் சொல்கிறார்.

அதன் பிறகு கொண்டுவந்ததைக் களத்தில் கொட்டி மரச்சில்லைத் தள்ளி மூடிவிட்டு, தார்ப்பாயை அலசி எடுத்துக்கொண்டு திரும்பினேன். கேட்டருகே ஆர்லோ நின்றுகொண்டிருந்தார். நான் தார்ப்பாயைக் கீழே வைத்து அதன்மேல் கல்லை வைத்தேன்.

"டோர்தி, இங்க ஒண்ணு கெடந்துச்சே, பாத்தியா?"

"பாக்கல, பாக்கவும் கூடாது. பத்திரமா சேத்துட்டேன். நல்ல காரியம் பண்ணே ஆர்லோ, நீ நல்லா இருப்பே."

"எங்க சேத்தே?"

"எல்லாரையும் எங்க சேப்பேன்? களத்துலதான்."

ஆர்லோ தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டார். "அது சோல்வி கல்யாணத்துக்கு வாங்குன கறி" என்றார்.

சோல்வி அவருடைய மகள். மறுநாள் சனிக்கிழமை அவளுக்குக் கல்யாணம், எனக்கும் அழைப்பு உண்டு. வெள்ளிக்கிழமை மாலையே தோட்டத்தில் குழி வெட்டி, தணல் போட்டு, இரண்டு மாட்டுத் தொடைகளையும் கோணியோடு புதைத்துச் சுடுவதாக ஏற்பாடு. கேட் பூட்டியிருந்ததால் கறிக்கடைக்காரர் வெளியே இறக்கி, ஈ மொய்க்காமல் இருக்கத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறார். அவர் டவுன்காரர், எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாது. ஆர்லோ அங்கேயே நின்றபடி இந்த அலுவலகத்துக்குப் போன் செய்து, டோர்தியா ஸ்கோக்லண்ட் என் கறியைத் திருடிவிட்டாள் என்று புகார் கொடுத்தார்.

அதன் பிறகு ஏதாவது தேறுமா என்று பார்க்க இருவரும் என் வண்டியிலேயே களத்துக்குப் போனோம். மரச்சில்லை விலக்கியதும் ஒரு தொடை முழுசாகத் தெரிந்தது. பக்கத்தில் கிடந்தது பனி உருகும் காலத்தில் நான் கொண்டுவந்த கிழட்டுப் பசு. ஆர்லோ ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நல்லா கழுவினா?" என்று கேட்டார்.

"கழுவிப் போட்டா சம்பந்தி வீட்டுக்காரங்க உன்னை ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க" என்றேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார், நானும் பதிலுக்குத் திட்டினேன். வளைவைத் தாண்டியதும் நான் பிரேக் போட்டேன். ஆர்லோவின் கேட்டருகே அந்தத் தாய்க் கரடியும் இரண்டு குட்டிகளும் நின்றன. கறி கிடந்த இடத்தைத் தாய் மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே தின்பதற்கு ஒரு துணுக்குக்கூட இல்லை. நான் எஞ்சினை அணைத்தேன்.

அதன் பிறகு தாய் பின்னங்காலில் எழுந்து நின்று தொழுவத்தின் பக்கம் மூக்கைத் திருப்பியது. ஆர்லோ என் கையைப் பிடித்தார்.

"டோர்தி, பள்ளத்துல கன்னு ஒண்ணு கெடக்கு. நேத்துதான் போட்டேன்."

நான் எப்படிச் செத்தது என்று கேட்கவில்லை. போன மாதம் வரை கரடிகளைச் சுட அனுமதி வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய்ப் பேசியவர் ஆர்லோ. அவர் வண்டிக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, "அங்க போகாதே தாயி, வேணாம், அந்தப் பக்கம் போகாதே" என்று முணுமுணுத்தார். நான் அதைக் காதால் கேட்டேன்.

அதே சமயத்தில் குட்டிகளில் ஒன்று கல்லைப் புரட்டித் தள்ளிவிட்டுத் தார்ப்பாய்க்குள் தலையை விட்டது. மறுமுனை எங்கே என்று அதற்குத் தெரியவில்லை. நீலத் தார்ப்பாய் நான்கு கால் முளைத்துச் சாலையைக் கடந்து ஓடியது, வேலிக்கம்பத்தில் இடித்தது, உருண்டது, கத்திக்கொண்டே ஓடையில் இறங்கியது. தாய் தொழுவத்தை மறந்து அதன் பின்னால் ஓடி, அக்கரையில் பிடித்து, தார்ப்பாயை உருவிப் போட்டு, குட்டிக்கு ஒரு அறை வைத்தது. பிறகு மூன்றும் மலைமேல் ஏறிப் போயின. போகும்போது அறை வாங்கிய குட்டி இரண்டு தடவை தார்ப்பாயைத் திரும்பிப் பார்த்தது.

ஆர்லோ சிரிக்கத் தொடங்கினார். அவர் மனைவி போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டதில்லை. கண்ணில் நீர் வழியச் சிரித்தார். எனக்கும் வந்துவிட்டது. இருவரும் வண்டிக்குள் சின்னப் பிள்ளைகளைப் போல் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தோம். அதன் பிறகு நேராகப் பள்ளத்துக்குப் போய் அந்தக் கன்றை வண்டியில் ஏற்றினோம். அவர்தான் சங்கிலி கட்டினார்.

சனிக்கிழமை கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கறி இல்லாத செய்தி பரவி, வீட்டுக்கு வீடு பாத்திரத்தோடு வந்துவிட்டார்கள். உருளைக்கிழங்கு ரொட்டி, ஆற்று மீன், பீன்ஸ், ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பு என்று மேசை கொள்ளவில்லை. சோல்வி என்னைக் கட்டிக்கொண்டு, "என் கல்யாணத்தை யாரும் மறக்க மாட்டாங்க அத்தை, அது போதும்" என்றாள். ஆர்லோ என்னை நடனத்துக்கு இழுத்துப் போய், பிணவண்டி ஏறிவிட்டேன், இனி எனக்கென்ன பயம் என்று சம்பந்தியிடம் சத்தமாகச் சொன்னார்.

புகாரை வாபஸ் வாங்க ஆர்லோ இன்று காலையே வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். வாக்குமூலம் எழுதாமல் முடிக்க முடியாது என்று துணை ஷெரிப் சொன்னதால் இதைக் கொடுக்கிறேன். கறியை நான் எடுத்தது உண்மை. திருப்பித் தர வழியில்லை. அடுத்த வசந்தத்தில் எருவாகத் தருவதாகச் சொன்னேன், அவர் ஒப்புக்கொண்டார்.

இன்னும் ஒன்று. இன்று காலை நான் இங்கே வரும் வழியில் ஆர்லோவின் கேட்டருகே புதுத் தார்ப்பாய் மூடிப் பெரிய குவியல் ஒன்று கிடந்தது. அதன்மேல் ஒரு அட்டையில், "இது கறி இல்லை. அப்பா காலத்துப் பள்ளம் மொத்தமும். எடுத்துட்டுப் போ" என்று எழுதிக் கல் வைத்திருந்தார். நான் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கவில்லை. அது இப்போது இந்த அலுவலக வாசலில் என் வண்டியில் இருக்கிறது, வெயிலும் ஏறுகிறது, ஆகவே சீக்கிரம் கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னை அனுப்பினால் அலுவலகத்துக்குக் கரடி வராது என்று தெரிவித்துக்கொள்கிறேன்.

மேலே எழுதியதைத் துணை ஷெரிப் எனக்கு வாசித்துக் காட்டினார். தார்ப்பாய் ஓடிய இடத்தில் அவர் வாசிப்பை நிறுத்திச் சிரித்ததைத் தவிர, எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) டோர்தியா ஸ்கோக்லண்ட்

சாட்சி: (ஒப்பம்) ஆர்லோ பிரெக், புகார்தாரர்