கடல் பின்வாங்கிய பாடம்

யுத்தம் முடிந்த வருடம். கல்முனையிலிருந்து பொத்துவில் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு ஆங்கில ஆசிரியைகள். மூத்தவர் அபாயா அணிந்திருந்தார், இளையவர் பொட்டு வைத்திருந்தார்.

"கடல் வத்தினதும் என்ட வகுப்பு முழுக்க ஓடிட்டு டீச்சர்," என்றார் மூத்தவர். நான் பத்திரிகையை மடித்தேன்.

"எங்க ஓடின?"

"விடைத்தாள்லதான். வாசிப்புப் பாடத்துல வெள்ளைக்காரன்ட ஊர்க் கடல், நாளாந்தம் வத்துற மாதிரி, தூரமா உள்ள போகுது. கரையில நிண்ட புள்ளைகள் அடுத்து என்ன செஞ்சிருப்பாங்க எண்டு கேள்வி."

"சிப்பி பொறுக்கினாங்க. அதுதானே விடை?"

"ஓம். நம்மட புள்ளைகள் ஓடினாங்க எண்டுதான் எழுதியிருக்குதுகள். ஒருத்தி, தங்கச்சியையும் தூக்கிட்டு ஓடினாங்க எண்டு."

"பிழை போட்டீங்களா?"

"எப்பிடிப் போடுற? சரிதான் போட்டன்."

காரைதீவில் ஆட்கள் ஏறினார்கள். பஸ் கிளம்பியதும் மூத்தவர் தொடர்ந்தார்.

"சுனாமிக்கு முந்தியும் இதே பாடம்தான். நம்மட கடல் அப்பிடி வத்துறல்லயே. அந்த ஒரு வரிய விளங்கப்படுத்த நான் பட்ட பாடு! போர்ட்ல கீறிக் காட்டுவன். மேசையில தண்ணி ஊத்திக் காட்டுவன். 'கடல் எங்க டீச்சர் போற, மாமிட ஊட்டுக்கா?' எண்டு கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பானுகள். எனக்கும் கோவம் போய்ச் சிரிப்பு வந்திரும்."

"இப்ப?"

"இப்ப விளங்கப்படுத்தவே தேவல்ல. அந்த வரிய வாசிக்கக்குள்ள ஒருத்தரும் சிரிக்கிறல்ல."