சுவருக்கு மேலே போன கேபிள்

என் பெயர் இதால்மிஸ் பெர்தோமோ. வயது 39. ஒரெஸ்தெஸ் என்பவரின் மனைவி. மத்தான்சாஸ் நகரம் வெர்சாயெஸ் பகுதியில் மேற்கண்ட விலாசத்தில் குடியிருந்துகொண்டு, அரசு மருந்துக்கடையில் வேலை பார்த்து வருகிறேன். எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் என் கணவரின் அண்ணன் எரிபெர்த்தோவும் அவர் மனைவி நெரெய்தாவும் குடியிருக்கிறார்கள். மாமியார் காலமான பின்பு வீட்டைப் பங்கு பிரித்தபோது, குளியலறை யாருக்கு என்பதில் வாய்த்தகராறு முற்றி, முற்றத்தின் நடுவே சுவர் எழுப்பினார்கள். அன்று முதல் ஆறு வருடமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

எங்கள் சந்தில் உள்ள வீடுகளின் கம்ப்யூட்டர்களைக் கேபிள் இழுத்து ஒன்றோடொன்று இணைத்திருக்கிறோம். படம் பார்ப்பதும் விளையாடுவதும்தான். வெளியே எந்த இணைப்பும் இல்லை. எரிபெர்த்தோ வீட்டுப் பக்கத்துச் சந்திலும் அதேபோல் தனியாக வைத்திருந்தார்கள். இரண்டு சந்துகளையும் சேர்க்க நடுவில் ஒரு ரவுட்டர் வேண்டும், அது கடையில் கிடைப்பதில்லை. ஆகவே என் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரையே ரவுட்டராக மாற்றலாம் என்று முடிவு செய்து, தோழி ஒருத்தியின் பழுதான கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு நெட்வொர்க் கார்டைக் கழற்றி மாட்டினேன். ஒரு கார்டில் எங்கள் சந்தின் கேபிளைச் செருகினேன். அடுத்ததில் செருக வேண்டிய கேபிள் எரிபெர்த்தோ வீட்டு மாடி வழியாகத்தான் வரமுடியும் என்பதால் நெரெய்தாவைச் சுவரருகே கூப்பிட்டுக் கேட்டேன். அவள், "மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்தார்னா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டார். அப்ப இழுத்துக்கோடி" என்றாள். அப்படியே இழுத்தேன்.

அதன் பிறகும் ஒரு சந்தின் கம்ப்யூட்டர் மறு சந்தின் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. கேபிளை மாற்றினேன், கார்டுகளை இடம் மாற்றினேன், பலன் இல்லை. ஒரு பக்கம் வாங்குவதை மறுபக்கம் அனுப்பு என்று கம்ப்யூட்டருக்கு உத்தரவு கொடுக்க மறந்திருந்தது பிற்பாடுதான் தெரிந்தது. அதைக் கொடுத்த உடனே இரண்டு சந்துகளும் ஒன்றாயின. நான் அடுப்படியில் தனியாக ஆடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு என் கணவர் தினமும் மாலையில் நெட்வொர்க்கில் டொமினோ என்ற புள்ளிக்காய் ஆட்டம் ஆட ஆரம்பித்தார். ஆட்டத்தில் யாரும் சொந்தப் பெயர் வைப்பதில்லை. இவர் 'மொட்டை முதலை'. இவரோடு விடாமல் மல்லுக்கு நின்றவர் 'கிழட்டுக் காளை'. இருவரும் ஆட்டத்தை விட அதிகமாக ஏச்சைத் தட்டச்சு செய்தார்கள். காளை வராத நாளில் இவருக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகப் போவதால் காளை எந்த வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நெரெய்தாவுக்கும் தெரியும். நாங்கள் இருவரும் வாய் திறக்கவில்லை.

சென்ற ஞாயிறு மாலை ஆட்டம் முடியும் தறுவாயில் காளை இரண்டு பக்கமும் ஒன்பது புள்ளி உள்ள இரட்டை ஒன்பது காயை இறக்கி, "மாடு தண்ணிக்குப் போகுது!" என்று எழுதியது. காலஞ்சென்ற என் மாமனார் அந்தக் காயை இறக்கும்போதெல்லாம் சொல்லும் வார்த்தை அது. வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. என் கணவர் நாற்காலி கவிழ எழுந்து, முற்றத்துக்கு ஓடி, சுவரைப் பார்த்து, "அண்ணே, நீயா அது?" என்று கத்தினார். அந்தப் பக்கமிருந்து எரிபெர்த்தோ, "டேய் முதலை! ஒரு மாசமா என்னை ஆட்டத்துல தோற்கடிச்சது நீதானாடா? இரு வர்றேன், உன்னைக் கொல்லாம விடமாட்டேன்!" என்று சத்தம் போட்டார்.

பக்கத்து வீட்டு ஒப்துலியா அம்மாள் காவல் நிலையத்துக்குப் போன் செய்தது இதைக் கேட்டுத்தான். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. தொடர்ந்து கேட்ட அடி சத்தம், எரிபெர்த்தோ பெரிய சுத்தியலால் அவர் பக்கமிருந்தும், என் கணவர் கடப்பாரையால் எங்கள் பக்கமிருந்தும் சுவரை இடித்த சத்தம். "தள்ளி நில்லுடா, கல்லு மேல விழும்" என்று அண்ணனும், "நீ முதல்ல தள்ளிக்க" என்று தம்பியும் சொல்லிக்கொண்டே இடித்தார்கள். "கேபிளு! கேபிளைப் பார்த்து அடிங்க!" என்று அலறிய பெண் குரல் என்னுடையது. காவலர்கள் வந்தபோது இருவரும் ஓட்டை வழியாகக் கட்டிப் பிடித்தபடி சுண்ணாம்பில் வெள்ளையாக நின்றார்கள். எரிபெர்த்தோவின் சட்டையில் இருந்த ரத்தம், அவரே தன் கட்டைவிரலில் அடித்துக்கொண்டதால் வந்தது. நெரெய்தா கொடுத்த காப்பியைக் காவலர்களும் குடித்தார்கள்.

எனக்கு யார் மீதும் புகார் இல்லை. கம்ப்யூட்டரைத் திறந்து காட்டச் சொன்னாலும் காட்டுகிறேன், எடுத்துக்கொண்டு போய்விட வேண்டாம். இரண்டு சந்துக்கும் அது ஒன்றுதான் வழி. அன்று சாட்சிப் பொருளாகக் கொண்டுபோன சுத்தியலைத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். சுவரில் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது.

நான் சொன்னபடியே எழுதியிருப்பதை எனக்குப் படித்துக் காட்டக் கேட்டேன். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
இதால்மிஸ் பெர்தோமோ