எண்பத்தேழாம் எண் செருப்பு

வெறுங்காலோடு படி இறங்குவது இரண்டு நாளில் பழகிவிடும். முதல் நாள் மட்டும் பெண்கள் கால்விரல்களை மடக்கிக்கொண்டு, ஈரத்தில் நடப்பதுபோல் இறங்குவார்கள். உன் தங்கை புஷ்பா முதல் நாளே தடதடவென்று இறங்கினாள்.

கமலாட்சி, போன மாதம் நீ லைங் தாயாவுக்கு, எங்கள் தையல் தொழிற்சாலைக்கு வந்தபோது என்னிடம் ஒன்றுதான் கேட்டாய். "மோதிரத்தக் குடுத்துட்டாங்க, பையக் குடுத்துட்டாங்க. அவ செருப்பு எங்கக்கா?" விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரிக்க ஒன்றுமில்லை. செருப்பு பசுந்தாங்கில் என் வீட்டில் இருக்கிறது. அது என்னிடம் எப்படி வந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் கட்டடத்தில் மாடிப்படியின் அடியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மேலே போவோம். துணியில் தூசி படக்கூடாது. சுவரோரம் மரக் கட்டங்கள் உண்டு, ஆளுக்கு ஓர் எண். கட்டத்தில் செருப்பு இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறாள். இல்லையென்றால் போய்விட்டாள். மேனேஜரிலிருந்து வாட்ச்மேன் வரை யாரையும் தேட வேண்டுமென்றால் முதலில் அந்தக் கட்டத்தைத்தான் பார்ப்போம். புஷ்பாவினுடையது எண்பத்தேழு. சிவப்பு வெல்வெட் வார்.

தீயணைப்புக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு ஆறு வருடங்களாக என்னுடையது. எல்லோரும் என்னை சயாமா என்பார்கள், பர்மிய மொழியில் டீச்சர் என்று. குழுவில் பன்னிரண்டு பேர். ஈரத்துணியை மூக்கில் கட்டுவது, புகைக்கு அடியில் தவழ்வது, தீயின் அடிப்பக்கம் பார்த்துப் பீய்ச்சுவது, எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். உள்ளே மாட்டிக்கொண்டால் கத்தக் கூடாது, புகை நெஞ்சுக்குள் போகும். கதவைத் தட்ட வேண்டும். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. தாளம் தப்பாமல் தட்டினால்தான் வெளியே இருப்பவருக்கு அது மனிதக் கை என்று தெரியும்.

ஒத்திகையில் எங்களுக்கு இருந்த ஒரே தொல்லை செருப்பு. மணி அடித்ததும் முன்னூறு பேரும் கீழே வந்து அவரவர் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்பார்கள். பின்னால் வருபவர்கள் படியிலேயே நெரிவார்கள். ஐந்து நிமிடம் ஆகும். துணி வாங்கும் கம்பெனியின் ஆய்வாளர் மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்றார். இனி யாரும் செருப்பைத் தொடக் கூடாது, வெறுங்காலோடு முற்றத்துக்கு ஓட வேண்டும் என்று விதி வைத்தேன். நல்ல விதி. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்போதும் மூன்றரை நிமிடம் ஆனது. காரணம் புஷ்பா. அவள் கடைசி ஆள். எல்லோரும் போன பிறகு கழிப்பறை, நூல் அறை, மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டு இறங்க வேண்டிய வேலை அவளுடையது. மாடிப்படியின் தலைமாட்டில் இருக்கும் நூல் அறையில், மதியத்தில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் சிலர் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் படுத்துக்கொள்வார்கள். அதனால் அவள் பெட்டி பெட்டியாக விலக்கிப் பார்ப்பாள். அந்தக் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்திருந்தது. தானாகச் சாத்திக்கொண்டால் உள்ளிருந்து திறக்க முடியாது. அவள் ஒற்றைச் செருப்பை லுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, கதவிடுக்கில் வைத்துவிட்டு உள்ளே போவாள்.

ஒரு நாள் எல்லோர் முன்னாலும் அவளிடம் சொன்னேன். "கதவ தெறந்து ஒரு பார்வை பாரு, வந்துரு. போதும்."

"ஒரு பார்வைதானே சயாமா? அப்ப கீழ இருந்தே பாத்துட்றேன். ஒங்களுக்கு இன்னும் ஒரு நிமிஷம் மிச்சம்."

இதை முதலில் தமிழில் சொன்னாள். பிறகு மற்றவர்களுக்காகப் பர்மிய மொழியிலும் சொன்னாள். ஆகவே இரண்டு முறை சிரித்தார்கள். மெக்கானிக் ஷாநவாசுக்கு இரண்டு மொழியும் தெரியும். அவன் இரண்டு முறையும் சிரித்தான்.

அடுத்த முறை ஆய்வாளர் வந்தபோது அந்த உடைந்த கைப்பிடியை அவரிடம் காட்டியதும் அவள்தான். அவர் குறித்துக்கொண்டு போனார். கைப்பிடி மாற்றச் சொல்லி நான் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தேன். மேனேஜரிடமிருந்து பதில் வரவில்லை, அவ்வளவுதான். நான் கோபப்படவில்லை. விதி எல்லோருக்கும் ஒன்று என்று மட்டும் புஷ்பாவிடம் சொன்னேன். இனி செருப்பை மேலே கொண்டுவரக் கூடாது.

"அப்ப கதவுக்கு எத வைக்கிறது சயாமா?"

"உள்ள போகாத. அப்ப ஒண்ணும் வைக்க வேணாம்."

"சரி, ஸ்டாப்வாட்ச் சயாமா" என்றாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் கீழே பின்பக்கம் வெட்டுத்துணிக் கிடங்கில் தீப்பிடித்தது. நான் விசில் ஊதினேன். அன்று யாரும் செருப்பைத் தொடவில்லை. யாரும் தள்ளவில்லை. கடைசிப் பெண் முற்றத்துக்கு வந்தபோது கடிகாரம் இரண்டு நிமிடம் ஐம்பத்தெட்டு வினாடி காட்டியது. ஆறு வருடத்தில் அதுதான் முதல் முறை.

வரிசைத் தலைவிகள் தங்கள் எண்ணிக்கையைச் சொன்னார்கள். சரியாக இருந்தது. குழுவின் பன்னிரண்டு பேரை எண்ணுவது மட்டும் என் வேலை. ஷாநவாசும் இன்னும் மூன்று பேரும் கிடங்குப் பக்கம் நின்று பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் சேர்த்தால் பதினொன்று வந்தது.

தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்த அதிகாரி, எல்லோரும் வெளியே வந்தாயிற்றா என்று கேட்டார். அவள் வழக்கம்போல் பெட்டிகளை விலக்கிக்கொண்டிருப்பாள், ஒரு நிமிடத்தில் வருவாள் என்று நினைத்தேன். வரும்போது எல்லோரும் பார்க்கட்டும், யாரால் தாமதம் என்று தெரியட்டும் என்றும் நினைத்தேன். முன்னூற்றுப் பன்னிரண்டு பேர், எல்லோரும் வெளியே, என்றேன்.

ஒரு நிமிடம் ஆனது. பிறகு ஐந்து நிமிடம். சொன்ன எண்ணைத் திருத்துவதற்கு ஒவ்வொரு நிமிடமும் முந்தியதைவிடக் கடினமாக இருந்தது. நீ அலுவலகத்தில் வேலை பார்த்திருந்தால் உனக்கு இது புரியும்.

நாற்பது நிமிடத்தில் தீ அணைந்தது. மாடிக்குத் தீ போகவே இல்லை, புகைதான். மின்கம்பிகளைச் சோதிக்கும்வரை யாரும் மேலே போகக் கூடாது என்று அதிகாரி சொன்னார். எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டும், செருப்பு வேண்டும். கூட்டமாக உள்ளே விட்டால் நெரிசலாகும் என்று முதலில் நான் மட்டும் போனேன். எண்பத்தேழாம் கட்டத்திலிருந்து செருப்பை எடுத்து என் பையில் வைத்தேன். பிறகு வரிசை வரிசையாக அவர்களைக் கூப்பிட்டேன். செருப்புத் தேடும் சத்தத்தில் அவர்கள் காதில் வேறெதுவும் விழவில்லை.

ஷாநவாஸ் முகமெல்லாம் கரியோடு வந்து கேட்டான். "புஷ்பாவக் காணமே, சயாமா?"

"கட்டத்தப் பாருப்பா."

பார்த்தான். காலியாக இருந்தது. "சொல்லாமப் போயிட்டா பாரு, கழுத" என்று சிரித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினான்.

தையல் கூடத்தில் போன் கூடாது என்பதால் புஷ்பா தன் போனை உன்னிடமே விட்டுவிட்டு வருவாள். அன்று மாலை ஏழு மணிக்கு தாமுவேயில் உங்கள் வீட்டிலிருந்து நீ என்னைக் கூப்பிட்டாய். அவள் எப்போதோ கிளம்பிவிட்டாள், செருப்பைக்கூடக் காணவில்லை என்று சொன்னேன். இரண்டாவது பாதி உண்மை. மறுநாள் காலை நூல் அறைக் கதவைத் திறந்தது ஷாநவாஸ். உயிர் போனது இரவு எட்டு மணிக்கு மேல் என்று டாக்டர் எழுதியிருந்தார். வெளியே போனவள் எதையோ எடுக்கப் பின்வழியாகத் திரும்பி வந்திருக்கிறாள் என்று நான் அறிக்கையில் எழுதினேன். எல்லோரும் நம்பினார்கள். கட்டம் காலியாகத்தானே இருந்தது.

உன்னைப் பார்த்த பிறகு என்னை நானே அறை அறையாகத் தேடிப் பார்த்தேன், உன் தங்கை தேடுவதுபோல. வெறுப்பு இருக்குமா என்று பார்த்தேன். இல்லை. எண்ணிக்கை சரியாக வந்துவிட்ட நிம்மதி மட்டும் இருந்தது. அவள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. அன்று அவள் விதியை மீறவில்லை. செருப்பை மேலே கொண்டுபோகவில்லை.

போன திங்கட்கிழமை, அவள் இடத்துக்கு ஸமீரா என்ற பெண்ணைச் சேர்த்துப் பயிற்சி தொடங்கினேன். தட்டும் பாடம் வந்தபோது புஷ்பாவைத்தான் உதாரணமாகச் சொன்னேன். கத்தவில்லை, பதறவில்லை, மூன்று தட்டு, இடைவெளி, மூன்று தட்டு, ஒரு தரம்கூடத் தாளம் தப்பவில்லை என்றேன்.

ஸமீரா கை தூக்கினாள். "அவங்க எப்படித் தட்டுனாங்கன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும், சயாமா?"

நியாயமான கேள்வி. மாணவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். செருப்பு எடுக்கப் போனபோது ஜெனரேட்டரை நிறுத்தியிருந்தார்கள், பம்பு சத்தமும் இல்லை, படியின் அடியில் நின்றால் மேலே தட்டுவது தெளிவாகக் கேட்டது என்றேன். பதினொரு தரம் எண்ணினேன், அதற்குள் செருப்பு பைக்குள் போய்விட்டது என்றேன்.

முற்றத்தில் பன்னிரண்டு பேரும் வெறுங்காலோடு வரிசையில் நின்றிருந்தார்கள். ஷாநவாஸ் என் கையிலிருந்த விசிலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவரும் அசையவில்லை. நான் ஊதும்வரை அசையக் கூடாது. அவ்வளவு நன்றாகப் பழக்கியிருக்கிறேன்.