ஆறாம் வகுப்பில் ஓர் இடம்

ஒரு பிள்ளையை ஆறாம் வகுப்பில் சேர்ப்பதற்குள் பெற்றவர்களுக்குப் பத்து வயது கூடிவிடுகிறது. உங்களுக்கும் பிள்ளைகள் இருந்தால் நான் சொல்வது புரியும், இன்ஸ்பெக்டர். கான்ஸ்டபிளிடம் சொல்லாமல் என்னையே எழுதவிட்டதற்கு நன்றி. அவர் பேனாவைப் பிடித்த விதமே எனக்குப் பிடிக்கவில்லை.

என் பெயர் சத்தியநாதன். ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில், எங்கள் பேச்சில் தோல் ஷாப், கழிவுநீர்ப் பிரிவுக்குப் பொறுப்பாளன். தோல் ஊறிய தண்ணீர், சுண்ணாம்புத் தண்ணீர் எல்லாம் பம்பு ரூமுக்குக் கீழே இருக்கும் தொட்டியில் வந்து சேரும். அங்கிருந்து ஊர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அதை ஏற்றி அனுப்புவது என் வேலை. நாற்றம் பிடித்த வேலை என்று சிரிப்பார்கள். அந்த நாற்றத்தில்தான் என் வீடு கௌரவமாக நடக்கிறது.

புதுப் பள்ளிக்கூடம் தொடங்கியது தொண்ணூற்றெட்டில். ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. ஆறு, ஏழு, எட்டு மட்டும். இங்கிலீஷ் மீடியம், ஃபீஸ் கம்மி. முதல் வருடம் பிள்ளை பிடிக்க டீச்சர்கள் வீடு வீடாக வந்தார்கள். "மொதல்ல கூரை நிக்குதான்னு பாப்போம்" என்று அப்போது சொன்ன அதே வாய்கள் இந்த வருடம் பள்ளி வாசலில் தவம் கிடந்தன.

மே மாதம் முழுக்க டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. வேலூரில் போட்டால் பஸ்ஸில் பிள்ளை வாடிவிடும். வாணியம்பாடியில் போட்டால் காலேஜ் வரைக்கும் கவலையில்லை, ஆனால் தெரிந்தவர்கள் வேண்டும். கான்வென்டில் ஃபீஸ் ஜாஸ்தி. தங்கத்தை உரசிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு பள்ளியையும் உரசிப் பார்த்தார்கள். கம்பவுண்டர் கோவிந்தசாமி, ஊசி போடும்போதுகூட மகனுக்குத் தலைநகரங்களைச் சொல்லிக்கொடுத்தபடியே போட்டார். டிரஸ்டில் எங்கள் போதகர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்ததும், சர்ச் பக்கம் தலைவைத்துப் படுக்காத குடும்பங்கள் முதல் பெஞ்சில் உட்கார்ந்து தொண்டை கிழியப் பாடின. எனக்கு இவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். சில நாள் குமட்டும்.

தலைமையாசிரியை ஒரு சட்டம் போட்டிருந்தார். பள்ளி திறக்கும் நாளில் முதல் மணி அடிக்கும்போது உள்ளே வரிசையில் நிற்காத பிள்ளையின் இடம், வெளியே காத்திருக்கும் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அதனால் இடம் கிடைக்காதவர்களும் சீருடை தைத்துப் போட்டு, ரிப்பன் கட்டி, சேர்க்கைத் தேர்வில் வாங்கிய மார்க் வரிசைப்படி பிள்ளைகளை கேட்டுக்கு வெளியே நிறுத்துவது எங்கள் ஊரில் வழக்கமாகிவிட்டது. மணி அடிக்கும்போது கேட்டுக்கு வெளியே நிற்கும் பெற்றோரின் முகங்களை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். அடுத்தவன் பிள்ளைக்குக் காய்ச்சல் வரட்டும் என்று வேண்டிக்கொள்ளும் முகங்கள். சீ என்றிருக்கும்.

என் மகள் ஃபீபி அந்த வெளிவரிசையில் முதல் ஆள். ஒரே ஓர் இடத்தில் தவறிவிட்டது. உள்வரிசையில் கடைசி இடத்தைப் பிடித்தது நந்தினி. எங்கள் தோல் ஷாப்பில் தோலில் ஒட்டிய சதையைச் சீவும் மிஷினில் நிற்கிற சம்பத்தின் மகள். முனிசிபாலிட்டி பள்ளியில் தமிழில் படித்த பெண்.

சம்பத்தும் அவன் மனைவி ராஜம்மாளும் என்னிடம் யோசனை கேட்க வீட்டுக்கு வந்தார்கள். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"இன்னா சார் செய்யலாம்? முனிசிபாலிட்டி ஸ்கூல்லயே உட்டுடலாமா, இல்ல இதுல சேத்துடலாமா? அங்க எல்லாம் பெரிய எடத்துப் புள்ளைங்க" என்றான் சம்பத்.

நான் பொறுமையாகவே சொன்னேன். "தமிழ்ல படிச்ச புள்ள, திடீர்னு இங்கிலீஷ்ல போட்டா திணறிடும். வீட்ல சொல்லிக் குடுக்க ஒங்களால ஆவாது. எட்டாவது முடிச்சிட்டு எங்க போவீங்க? நல்லா யோசி சம்பத்."

ராஜம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு, "அதுவா உக்காந்து உக்காந்து படிச்சி எடம் வாங்கினு வந்துச்சி சார். வேணாம்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது" என்றாள்.

அதாவது, முடிவு செய்துவிட்டு வந்து யோசனை கேட்கிறார்கள். என் பேச்சைக் கேட்டிருந்தால் இன்று எல்லோரும் நன்றாக இருந்திருப்போம். முதல் வாய்ப்பை நான் அவர்களுக்குத்தான் கொடுத்தேன், இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

கிளம்பும்போது சம்பத்தே கேட்டான். "தொறக்குற அன்னிக்கி எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு சார். இவளுக்கும் ஷூ கம்பெனில லீவு தரமாட்டாங்க. நீங்க எப்பிடியும் ஸ்கூட்டர்ல போவீங்க, பாப்பாவயும் இட்டுக்கினு போயிடுறீங்களா?"

கட்டாயம் கூட்டிப் போகிறேன் என்றேன். அந்த நிமிடம் வரை என் மனதில் ஒன்றுமில்லை. நானாகத் தேடிப் போகவில்லை, அவனாகக் கொண்டுவந்து கையில் கொடுத்தான்.

பள்ளி திறந்தது ஒரு திங்கட்கிழமை. என் மனைவி ஜெயபுஷ்பம் ஃபீபியைக் கூட்டிக்கொண்டு முன்னதாகவே பள்ளிக்குப் போனாள், அதுவும் முணுமுணுத்துக்கொண்டுதான். "கெடைக்காத எடத்துக்கு புள்ளைய வெயில்ல நிக்க வெக்கணுமா? முனிசிபாலிட்டி ஸ்கூல்ல படிச்சா தேஞ்சிடுமா?" என்றாள். பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றி அவளுக்கு எப்போதும் அலட்சியம்தான்.

சம்பத், தோல் ஷாப்பில் பம்பு ரூம் பக்கம் ஈர ஏப்ரனோடு வந்து நந்தினியை என்னிடம் விட்டுவிட்டு ஓடினான். புதுச் சீருடை. ஷூ கம்பெனியில் கழித்துப் போட்ட கறுப்பு ஷூ, அளவு பெரிதாக இருந்ததால் முன்னால் பஞ்சு வைத்திருந்தார்கள். நடக்கும்போது டக் டக் என்று சத்தம் வந்தது. அவள் என்னிடம், "ஃபீபிக்கும் எடம் கெடச்சிடும் இல்ல சார்? என் டெஸ்க்ல பக்கத்துல அவளுக்கு எடம் புடிச்சி வெக்கறேன்" என்றாள்.

நல்ல பெண். அதை நான் மறுக்கவில்லை.

பெட்ரோல் போட்டுக்கொண்டு வருகிறேன், வெளியே நின்றால் ஷூ சேறாகிவிடும், உள்ளே உட்கார் என்று பம்பு ரூமைக் காட்டினேன். திங்கட்கிழமை காலையில் தோல் ஷாப் ஓடித் தண்ணீர் சேரும் வரை ஆபரேட்டருக்கு அங்கே வேலை கிடையாது. அவனுடைய ஸ்டூலில் போய் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். "நாத்தமா இருக்கு சார்" என்றாள். தோல் ஷாப் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றேன். நான் வாசற்படியைத் தாண்டவில்லை. கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

முதல் மணி அடிக்கும் வரை மட்டும் அடைத்துவைக்க நினைத்தேன் என்று உங்களிடம் சொல்லலாம். நீங்களும் நம்பக்கூடும்.

பள்ளியில் மணி அடித்தது. உள்வரிசையில் ஓர் இடமல்ல, ஐந்தாறு இடம் காலியாக இருந்தது. வேலூரிலும் வாணியம்பாடியிலும் இன்னோர் இடம் பிடித்துவைத்திருந்த புத்திசாலிகள், கடைசி நேரத்தில் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய்விட்டார்கள். கோவிந்தசாமியின் மகனும் வரவில்லை. தலைமையாசிரியை வெளியே நின்ற பிள்ளைகளை வரிசையாகக் கூப்பிட்டார். ஃபீபி முதலில் போனாள். அவளுக்குப் பின்னால் நின்ற நாலைந்து பேரும் போனார்கள். நந்தினி வந்திருந்தாலும் ஃபீபிக்கு இடம் இருந்திருக்கும். கோவிந்தசாமி என்னிடம் ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருக்கலாம். தினமும் டீக்கடையில் பார்க்கிற மனுஷன். இப்படிப்பட்டவர்களால் எவ்வளவு தேவையில்லாத வேலை, பாருங்கள்.

உடனே திரும்பிப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஸ்கூட்டரில் பக்கம்தான். ஆனால் தலைமையாசிரியை இளகிய மனசுக்காரி. தாமதமாக வந்த பிள்ளை அழுதால் என்ன ஏது என்று விசாரிப்பார். அந்தப் பெண் நடந்ததைச் சொல்லும். ஊரில் எனக்கு என்ன மரியாதை இருக்கும்? மேலும், பெற்றோர் சார்பில் ஜெபம் செய்ய என்னைக் கூப்பிட்டார்கள். நான் சபைக் கமிட்டியில் இருப்பவன், மறுக்க முடியாது. ஜெபம் கொஞ்சம் நீண்டுவிட்டது. அன்று வராமல் போன பிள்ளைகளுக்காகவும் ஜெபித்தேன். முடிந்ததும் ஜஹீருன்னிசா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "ரொம்ப நல்லா துவா கேட்டீங்க சார்" என்றார்.

பிறகு தோல் ஷாப்புக்குப் போனேன். தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, ஆபரேட்டரைக் கூப்பிட்டு பம்பைப் பார்க்கச் சொன்னேன். அவன் கதவைத் திறந்து கத்தினான். எல்லோரும் ஓடி வந்தார்கள். சம்பத்தும் வந்தான்.

மார்ச்சுவரி வாசலில் சம்பத் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க பெட்ரோல் போட்டுனு வர்றதுக்குள்ள அதுவா உள்ள போயிருக்கும் சார். அப்புறம் நீங்க எவ்ளோ தேடியிருப்பீங்க. ஒங்க மேல தப்பில்ல" என்றான். நான் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். விவரம் தெரியாதவன்.

இதோடு முடிந்திருக்கும். நீங்கள் ஆபரேட்டரைப் பிடித்து உட்கார வைத்தீர்கள். பேப்பரில் 'பம்பு அறையில் கவனக்குறைவு' என்று போட்டார்கள். அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிறு முழுக்க மூடிக்கிடந்த தொட்டியில் விஷவாயு தங்கும். திங்கள் காலை மூடியைத் திறந்து, இரண்டு கதவையும் திறந்துவைத்து, ஃபேனைப் போட்டு, காற்றெல்லாம் வெளியேறிய பிறகுதான் ஆள் உள்ளே போக வேண்டும். இதை ஒவ்வோர் ஆளுக்கும் சொல்லிக்கொடுத்தவன் நான். சுவரில் போர்டு மாட்டியவன் நான். அன்று சம்பத் அவளை அழைத்து வருவதற்கு முன்பே, தொட்டியின் மூடியைத் திறந்தது நான். பின்கதவைப் பூட்டியது நான். ஃபேனின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதும் நான்தான். எதையும் மறக்கவில்லை, எதையும் தவறவிடவில்லை. அந்த ஆபரேட்டருக்கு இதில் ஒன்றைக்கூட ஒழுங்காகச் செய்யத் துப்பில்லை. அவனை அனுப்பிவிடுங்கள். என் பிரிவில் கவனக்குறைவு என்று எதுவும் நடந்ததில்லை.

இங்கே வருவதற்கு முந்தின நாள் ஜெயபுஷ்பத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். காலையில் ஃபீபியின் சீருடையை அடுப்பில் போட்டாள். பள்ளிக்குப் போய் டி.சி. வாங்கி, பிள்ளையை முனிசிபாலிட்டி பள்ளியில் சேர்த்துவிட்டாள், நந்தினி படித்த அதே பள்ளியில். நான் கிளம்பும்போது ஃபீபி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாய் சொல்லிக்கொடுத்திருப்பாள். பெற்றவன் பட்ட பாடு இவர்களுக்கு என்றைக்குத் தெரிந்திருக்கிறது?

என்னை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள், இன்ஸ்பெக்டர். ஆறாம் வகுப்பில் இப்போது ஃபீபி விட்டு வந்த இடம் காலியாக இருக்கிறதாம். வாசலில் காத்திருந்த பிள்ளைகளில் யாரையாவது கூப்பிட்டு உட்கார வைக்கும்படி தலைமையாசிரியையிடம் சொல்லுங்கள். ஓர் இடம் அப்படி வீணாகக் கிடப்பதை நினைத்தால் எனக்கு மனசு தாங்கவில்லை.